எதிர்க்கருத்து எண் இருபத்துமூன்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு நீலப் படிவங்கள் தீர்ந்துவிட்டன. துரைசாமி ஒன்பது நாற்பத்திரண்டுக்கு வந்தார்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்ரீவித்யா ஒரு ரோஸ் நிறப் படிவத்தை நீட்டினார். மன்றத்தின் கருத்துச் சீராய்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவில் வேறு யாரும் இல்லை.

"நீங்க எதிர்ப்பு சார். இருபத்துமூணு."

"எதுக்கும்மா எதிர்ப்பு?"

"படத்துக்கு."

"படம் இன்னும் போடலியே."

"அதனாலதான் இப்பவே குடுத்துடறோம். முடிஞ்சப்புறம்னா கூட்டமாயிடும்."

புனேயை அடுத்த நிக்டி தமிழர் கலாமன்றத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். படம் முடிந்ததும் பார்வையாளர்கள் கருத்து எழுதித் தர வேண்டும். நீலப் படிவம் ஆதரவு, இருபது. ரோஸ் எதிர்ப்பு, இருபது. வெள்ளை நடுநிலை, பத்து. வெள்ளையில் ஒளிப்பதிவு, இசை, நாற்காலி வசதி ஆகியவை பற்றி மட்டும் எழுதலாம். அது செயற்குழுக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதரவுக்கு ஒரு வரி போதும். எதிர்ப்புக்குக் குறைந்தது மூன்று வரி வேண்டும். ஆகவே நீலம் முதலில் தீரும்.

இது விதி பதினான்கு. ஒன்பது வருடம் முன்பு ஒரு ராஜா கதைப் படத்தை மன்றத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. அவர் நாற்பத்திரண்டு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வாகடுக்குப் போய் வேறு மன்றம் தொடங்கினார். அந்த மன்றமும் பிறகு இரண்டாயிற்று. கலாமன்றம் பாடம் கற்றது. கருத்து வேறுபாட்டைத் தானாக வளர விட்டால் ஆபத்து. முன்கூட்டியே எண்ணிப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் ஆபத்தில்லை.

துரைசாமிக்கு இது எதுவும் தெரியாது. தேஹு ரோடு படைக்கலத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மன்றத்துக்குப் பொங்கலன்று வருவார். நாற்காலிகளை எடுத்துப் போடுவார். விழா முடிந்ததும் அடுக்கி வைத்துவிட்டுப் போவார். படத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. மகள் ஷீலா சொன்னதால் வந்தார்.

ஷீலாவுக்கு முப்பத்திரண்டு வயது. சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். நான்கு வருடமாகத் தளேகாவில் அம்ருதாவோடு இருக்கிறாள். அம்ருதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். துரைசாமியின் மனைவி வேதநாயகி அரக்கோணத்துச் சொந்தங்களிடம், "கூட வேலை பாக்கற பொண்ணு, வாடகையப் பிரிச்சிக்கறாங்க" என்று சொல்லி வந்தாள். இப்போது இருவரும் சேர்ந்து வீடு வாங்கிவிட்டார்கள். இனி வாடகையைச் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். பத்திரிகையில் இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. வேதநாயகி அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். "நீங்க போறதுன்னா நானும் வரேன். போலன்னா எனக்கும் வேணாம்" என்றாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. மிச்சம் துரைசாமியுடையது.

ஷீலா போன் செய்தாள்.

"வரீங்களான்னு நான் கேக்கலப்பா. உங்க மன்றத்துல ஒரு படம் போடறாங்க. மெசேஜ் வந்துச்சி. அதப் போய்ப் பாருங்க. பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அத எழுதிக் குடுங்க. குரூப்ல போடுவாங்க இல்ல, நான் படிச்சிக்கறேன்."

"போன்லயே சொல்றனே."

"போன்ல நீங்க சாப்ட்டியான்னு கேட்டுட்டு வெச்சிடுவீங்க."

"சரி. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

வைத்துவிட்டார்.

ஆகவே ரோஸ் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துரைசாமி உள்ளே போனார். மூன்றாவது வரிசையில் சலீம் இடம் போட்டிருந்தார். தொழிற்சாலையில் இருபது வருடம் அடுத்த மிஷினில் நின்றவர். ஆம்பூர்க்காரர். மன்றத்தில் தரும் படாட்டா வடாவுக்காக ஒன்பது மணிக்கே வந்து, கூடவே ஒரு நீலப் படிவத்தையும் வாங்கியிருந்தார்.

மன்றத் தலைவர் கோவிந்தராஜன் மைக்கைப் பிடித்தார். ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளத் துறைக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவர்.

"அன்பு நெஞ்சங்களே, புறமாநிலத் தமிழ் மன்றங்களின் பேரவை வருடந்தோறும் நமக்கு ஒரு தரப் பட்டியல் அனுப்புகிறது. மகளிர் என்று ஒரு கட்டம். கோலப்போட்டி வைத்தோம், நிரம்பியது. சுற்றுச்சூழல் என்று ஒரு கட்டம். துணிப்பை கொடுத்தோம், நிரம்பியது. கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம். மூன்று வருடமாகக் காலி. அதனால் நமக்கு ஏ தரம் கிடைக்கவில்லை. வாகட்காரர்களுக்குக் கிடைத்துவிட்டது. இன்றோடு நம்முடைய 'பிற' நிறைவடைகிறது."

கைதட்டினார்கள்.

"இன்றைய படம் ஒரு மாறுபட்ட தலைவரைப் பற்றியது. எந்த வகையில் மாறுபட்டவர் என்று நான் சொல்லப்போவதில்லை. குடும்பங்கள் வந்திருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. என் துறையிலேயே அப்படி ஒரு பையன் இருந்தான். மிகத் திறமைசாலி. ஒருநாள் என்னிடம் வந்து மனம்விட்டுச் சொன்னான். நான் அவன் தோளில் கைபோட்டு, கண் கலங்கினேன். மறுநாளே அவனை ஐதராபாத் கிளைக்கு மாற்றினேன். இன்றுவரை அவன் என்மீது ஒரு புகார்கூடக் கொடுத்ததில்லை. அரவணைப்பு என்பது இதுதான்."

மறுபடியும் கைதட்டினார்கள். சலீம் துரைசாமியின் காதில், "அணைச்சி ஐதராபாத் வரைக்கும் தள்ளினு போயிருக்கான்" என்றார்.

படம் தொடங்கியது. வெளிநாட்டுப் படம். ஒரு துறைமுக நகரத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர். தன்பாலீர்ப்பு உள்ளவர். தன்னைப் போன்றவர்களுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்று தேர்தலில் நிற்கிறார். நான்கு தடவை தோற்கிறார். ஐந்தாவது தடவை நகரசபைக்குப் போகிறார்.

கீழே ஆங்கில எழுத்துகள் ஓடின. அவற்றைத் தமிழில் விளக்கச் செயலாளர் ரவிசந்திரன் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். கதாநாயகர் ஒரு மீன்கடைக்காரரைச் சந்தித்தார். இருவரும் வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மீன் விலை படிய மாட்டேன் என்கிறது" என்றார் ரவிசந்திரன்.

கால் மணி நேரத்தில் மீன்கடைக்காரர் கதாநாயகரின் அறையில் இருந்தார். "இவர் இப்போது அறை நண்பர்." அறை நண்பர் கதாநாயகரின் நெற்றியை வருடினார். "நண்பருக்கு வைத்தியமும் தெரியும்." இருவரும் ஒரே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போனார்கள். "இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பது இப்போதுதான் தெரியவருகிறது."

மக்கள் கூட்டத்தில் கதாநாயகர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். குரல் உடைந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள்.

"குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறார்" என்றார் ரவிசந்திரன்.

சகோதரர்கள் நெருங்கும்போதெல்லாம் அவர் கையிலிருந்த டார்ச்சை அடித்தார். படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள். மொத்தம் ஆறு இடைவேளை. மூன்றாவதில் டீ தீர்ந்தது. நான்காவதில் வெந்நீர் கொடுத்தார்கள். ஐந்தாவதில் மன்றத்தின் வரன் மேளா பற்றி ஸ்ரீவித்யா அறிவித்தார். ஆறாவதில் கொடுக்கவும் சொல்லவும் ஒன்றும் இல்லை. மறைந்த தலைவருக்கு அஞ்சலியாக எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்படி கோவிந்தராஜன் கேட்டுக்கொண்டார். நின்றார்கள். படத்தில் அவர் அப்போது சாகவில்லை. முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வெற்றிக் கூட்டம் வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். முதல் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. கதாநாயகர் பேசும்போது அதையே பார்த்துப் பார்த்துப் பேசினார். வெளியே ஒரு கிழவர், கம்பளித் தொப்பியோடு, கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளியே நிற்பவர் வாட்ச்மேன்" என்றார் ரவிசந்திரன்.

துரைசாமிக்கு அந்தத் தொப்பியைத் தெரியும். படத்தின் ஆரம்பத்தில் சாப்பாட்டு மேசையில் மகனுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர். கதவின் கைப்பிடியில் அவர் கை இருந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார். பனியில் நடந்து போனார்.

படம் முடிந்தது. துரைசாமி படிவத்தைப் பிரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். எழுதி வெகுநாளாயிற்று. வங்கிச் சலானும் பென்ஷன் விண்ணப்பமும்தான் எழுதுவார். கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"இன்னாய்யா, எக்ஸாம் மாதிரி எழுதறே" என்றார் சலீம். அவர் இரண்டாவது இடைவேளையிலிருந்து தூங்கிவிட்டார். நீலப் படிவத்தில் 'நன்று' என்று எழுதி முடித்திருந்தார்.

துரைசாமி தாளைக் காட்டினார். மூன்று வரி இருந்தது.

*அந்த அப்பா வாசலிலேயே நிற்கிறார். உள்ளே போயிருக்கலாம். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.*

சலீம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஷீலாவுக்கா?"

"ஆமா."

"அப்ப ஏன் ரோஸ்ல எழுதினே? எதிர்ப்புன்னு வருமே. இந்தா, என் நீலத்த வெச்சிக்க. உன்னோடத எனக்குக் குடு."

இருவரும் மேசைக்குப் போனார்கள். மாற்ற முடியாது என்றார் ஸ்ரீவித்யா. படிவ எண் உறுப்பினர் எண்ணோடு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. தவிர, சலீம் எதிர்ப்புக்கு வந்தால் மூன்று வரி தர வேண்டும்.

"நான் தூங்கினேம்மா. தூங்கறது எதிர்ப்புல வராதா?"

"தூக்கம் வெள்ளைப் படிவம் சார். நாற்காலி வசதி."

ஸ்ரீவித்யா துரைசாமியின் தாளைப் படித்தார். பேனாவால் ஒரு வார்த்தையைத் தட்டினார்.

"அப்பான்னு எழுதியிருக்கீங்க. யாரு?"

"வாசல்ல நின்னாரே, அவரு."

"அது வாட்ச்மேன்."

"அப்பாம்மா அது."

"செயலாளர் வாட்ச்மேன்னு பதிவு பண்ணிட்டார் சார். புதன்கிழமை சீராய்வுக்கு வாங்க."

மன்ற அலுவலகம் பிராதிகரண் பகுதியில் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது. புதன்கிழமை நான்கு மணிக்குத் துரைசாமி போனார். கோவிந்தராஜன், ரவிசந்திரன், ஸ்ரீவித்யா மூவரும் ஒரே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார்.

"சிக்கல் என்னன்னா சார், மத்த பத்தொன்பது எதிர்ப்பும் சரியா வந்துடுச்சு. ஒருத்தர் அஞ்சு வரியே எழுதியிருக்கார். உங்களோடது மட்டும்தான் எதிர்ப்பா இல்ல" என்றார் ஸ்ரீவித்யா.

"நான் எதிர்ப்பு எழுதலம்மா."

"அதத்தான் சொல்றேன். ரோஸ் வாங்கிட்டு எதிர்ப்பு எழுதலன்னா கணக்கு இருபதுக்குப் பத்தொன்பதாயிடும். பேரவைக்கு அனுப்ப முடியாது."

ரவிசந்திரன் ஒரு தாளை நகர்த்தினார். "நாங்களே கொஞ்சம் சீர் பண்ணிட்டோம். பாருங்க."

துரைசாமி பார்த்தார்.

*தந்தை போன்ற பெரியோரை உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நிற்க வைக்கும் இத்தகைய வாழ்க்கை நம் குடும்பங்களுக்கு ஏற்றதல்ல. இத்தகைய படங்கள் நம் மன்றத்துக்குத் தேவையில்லை. அதனால்தான் அன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.*

"இத நான் எழுதல சார்."

"உங்க வார்த்தை எல்லாமே இருக்கே. அப்பா இருக்கார், தந்தைன்னு போட்டிருக்கோம். வாசல் இருக்கு. உள்ளே இருக்கு. நாற்காலிகூட இருக்கு. வரிசையத்தான் மாத்தியிருக்கோம்."

"என் பொண்ணு படிப்பா. நான் எழுதினமாதிரியே வரணும்."

"பொண்ணா?" கோவிந்தராஜன் நிமிர்ந்தார். "வயசு என்ன?"

"முப்பத்திரண்டு."

"கல்யாணம்?"

ஸ்ரீவித்யா இழுப்பறையைத் திறந்து வரன் மேளா படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். அது மஞ்சள் நிறம்.

"அவ வீடு வாங்கியிருக்கா. அம்ருதாவோட" என்றார் துரைசாமி.

"ரூம்மேட்டா? நல்லதுதானே, செலவு பாதியாகும்."

"ரூம்மேட் இல்ல சார்."

இந்த வார்த்தைகளை அவர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. வேதநாயகியிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ரவிசந்திரன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஸ்ரீவித்யா மஞ்சள் படிவத்தை மெதுவாகத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார்.

கோவிந்தராஜன் எழுந்து வந்தார். துரைசாமியின் தோளில் கை போட்டார். அவர் கண்கள் கலங்கின. அது அவருக்கு உடனே வரும்.

"நீங்க எதுவும் சொல்லல. நாங்க எதுவும் கேக்கல. இந்த மன்றத்தில எல்லாருக்கும் இடம் உண்டு. பொங்கலுக்கு நாற்காலி எடுத்துப் போடறது யாரு? நீங்கதானே. உங்கள நாங்க விட்டுடுவோமா? ஒரு நண்பனாச் சொல்றேன். இந்தப் படத்துக்கு ஆதரவா உங்க பேர் வந்தா நாலு பேர் ஏன்னு யோசிப்பாங்க. எதிர்ப்பா வந்தா யாரும் யோசிக்க மாட்டாங்க. உங்க குடும்பத்துக்கு இதுதான் பாதுகாப்பு. ரோஸ் கெடச்சது உங்க அதிர்ஷ்டம்னு வெச்சுக்குங்க."

"எனக்குப் பாதுகாப்பு வேணாம் சார். அந்த மூணு வரிதான் வேணும்."

"பரிசீலிக்கறோம்" என்றார் கோவிந்தராஜன். கையை எடுத்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

மாடிப்படி இறங்கும்போது ரவிசந்திரன் பின்னாலேயே வந்தார். சீராய்வுக்கு வந்து கையெழுத்திட்டவர் சீராய்வை ஒப்புக்கொண்டவர் என்பது விதி பதினைந்து என்றும், இதைத் தெரிவிக்க வேண்டியது செயலாளரின் கடமை என்றும் தெரிவித்தார். பிறகு மேலே போய்விட்டார்.

வியாழக்கிழமை துரைசாமி ஷீலாவுக்குப் போன் செய்தார்.

"சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. எழுதினீங்களா?"

"எழுதிட்டேன். சனிக்கிழம வருமாம். அதுல வந்து…"

"இருங்கப்பா, சொல்லாதீங்க. நானே படிக்கறேன். அம்ருதா என்னாச்சு என்னாச்சுன்னு தினம் கேக்கறா. அவளுக்கு நான்தான் மராட்டில சொல்லணும்."

"இல்லம்மா, அவங்க அத…"

"அப்பா, ப்ளீஸ். நாலு வருஷத்துல நீங்க எனக்காக எழுதினது அது ஒண்ணுதான். நான் படிக்கறேன்."

சரி என்றார். அவர்கள் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். படித்தவர்கள். மூன்று வரிதானே.

வெள்ளிக்கிழமை வேதநாயகி பீரோவிலிருந்து பத்திரிகையை எடுத்து டி.வி. மேல் சாய்த்து வைத்தாள். பிறகு ஒரு ஜோடிக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். புது விளக்கு. ரவிவார் பேட் கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்திருந்தாள்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

"கெடக்கட்டும். எப்பவாச்சும் தேவைப்படும்" என்றாள். சற்று நேரம் கழித்து, "தளேகாவ் லோக்கல் ட்ரெயின் ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மன்றத்தின் மாதக் கூட்டம். துரைசாமி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கோவிந்தராஜன் முன்வரிசைக்கு வரச் சொன்னார். முன்வரிசைக்குப் போனார். பிறகு மேடைக்கு வரச் சொன்னார்.

மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் உட்கார வைத்தார்கள்.

"அன்பு நெஞ்சங்களே, 'பிற' நிறைவடைந்துவிட்டது. பேரவை நமக்கு ஏ தரம் அளித்திருக்கிறது."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

"நம் பட்டியலில் பேரவை மிகவும் பாராட்டியது நம் சமநிலையை. இருபது ஆதரவு, இருபது எதிர்ப்பு. ஒன்றுகூட ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரு சிக்கலான விஷயத்தில் எந்த முடிவுக்கும் வராமல் இருப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சிறந்த ஆதரவுக் கருத்து, நண்பர் சலீம் அவர்கள். 'நன்று.' எவ்வளவு செறிவு பாருங்கள். அவரால் இன்று வர இயலவில்லை. சிறந்த எதிர்க்கருத்து, எண் இருபத்துமூன்று. படைக்கலத் தொழிற்சாலையில் நாட்டுக்காக உழைத்த ஒரு தொழிலாளி. ஒரு தந்தை. இவருடைய வீட்டு நிலைமையை நான் அறிவேன். அறிந்ததால் சொல்கிறேன், இதை எழுத இவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கும்."

ரவிசந்திரன் மைக்கை வாங்கித் திருத்திய மூன்று வரிகளையும் படித்தார். படத்தில் எந்த இடத்திலும் நடுங்காத அவர் குரல் இப்போது நடுங்கியது. "நம் குடும்பங்களுக்கு ஏற்றதல்ல" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் படித்தார். ஸ்ரீவித்யா மேடை ஓரத்தில் நின்று போனில் எதையோ அழுத்தினார். மண்டபத்தில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. நாற்பது கருத்துகளும் குரூப்புக்குப் போய்விட்டன. முதலில் எண் இருபத்துமூன்று, துரைசாமியின் படத்தோடு. பொங்கலன்று எடுத்த படம். இரண்டு கைகளிலும் நாற்காலிகள் இருந்தன. நாற்காலிகளை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டிருந்தார்கள்.

கோவிந்தராஜன் ஒரு சால்வையைப் போர்த்தினார்.

துரைசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டார். மேடையில் பேசுவது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"இத நான் எழுதல. அந்த அப்பா உள்ள போயிருக்கலாம்னு எழுதினேன். போயிருக்கணும். அவ்ளோதான் எழுதினேன்."

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். கோவிந்தராஜன் மைக்கை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டீர்களா? உள்ளே போக முடியாத ஒரு தந்தையின் வேதனை. சொல்ல வார்த்தையில்லை. அவருக்கே வார்த்தை வரவில்லை."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். துரைசாமி மறுபடி மைக்குக்குக் கை நீட்டினார். நீட்டிய கையில் ரவிசந்திரன் நினைவுப்பரிசைக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. போட்டோகிராபர், "சார், இங்கே பாருங்க" என்றார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தராசை நாற்காலியில் வைத்துவிட்டு எடுத்தார். ஷீலா.

"சாப்ட்டியா?" என்றார்.

அந்தப் பக்கம் பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. யாரோ மராட்டியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சேன்பா. எழுத்துக்கூட்டி ரெண்டு தடவ படிச்சேன். அம்ருதாவுக்கு இன்னும் சொல்லல."

"ஷீலா, அது…"

"சார், போனைக் கொஞ்சம் கீழ" என்றார் போட்டோகிராபர். கோவிந்தராஜன் அவர் தோளில் கை போட்டார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"பரவால்லப்பா. அங்க சத்தமா இருக்கு, நான் வெச்சிடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கேட்டரிங்காரர் வந்து நிக்கறாரு, நாளைக்கு எத்தன இலைன்னு கேக்கறாரு. உங்க ரெண்டு பேரையும் கழிச்சிடச் சொல்லட்டுமா?"